யாகூப் நானாவின் வெயிலும் மச்சானின் அணுவும்

சேசு மரி சூசை துணை

மாத்தளை,
1996 ஜூலை.

அன்பு மச்சான் கிறிஸ்தோபருக்கு உன் அத்தான் சிறில் எழுதிக்கொள்வது.

தேவமாதாவின் தயவால் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா மார்ஜரி முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாதா மேல ஆணையா பொய் எழுதாதீங்க" என்கிறாள். ஆகையால் எங்கள் சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். வழியில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஐயாமார் யாராவது இருந்தால் அவர்களுக்கும் என் பணிவான வணக்கம். இதற்குள் படம் எதுவும் வைக்கவில்லை. படித்து முடித்துத் திரும்ப ஒட்டி அனுப்பினால் பெரிய உபகாரம்.

மச்சான், நீ நல்ல எண்ணத்தில்தான் அந்தப் படத்தை அனுப்பினாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டவன் நான்தானே. இந்த வருஷம் இங்கே மழை ஏமாற்றிவிட்டது. அணைக்கட்டெல்லாம் அடிமண் தெரியக் கிடக்கிறது. இந்த நாட்டுக் கரண்ட் தண்ணீரில் ஓடுகிற கரண்ட் என்பது, இங்கே பிறந்து வளர்ந்து கப்பலேறிப் போன உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தண்ணீர் இல்லை, ஆகவே கரண்டும் இல்லை. பகலில் மாவரைக்க முடியாது, சாயந்தரம் செய்தி கேட்க முடியாது. எங்கள் வாசகர் வட்டத்துக்காரர்கள் சும்மா இருட்டில் உட்கார்ந்திருப்பானேன் என்று பெட்ரோமாக்ஸ் ஏற்றி ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். நாளைய மின்சாரம் அணுவிலா, அல்லது வெயிலிலும் காற்றிலும் தண்ணீரிலுமா என்று தலைப்பு. அணுவுக்குப் பேச ஒருவரும் முன்வரவில்லை. ரிட்டயரான கிளாக்கர், வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று என்னைப் பிடித்தார்கள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "என் மச்சானே இந்தியாவுல அணுமின் நிலையத்துலதான் இருக்காரு" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அங்கே கேன்டீனில் இருக்கிறாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கம் பேச வந்தவர் வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டு யாகூப் நானா. பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். இப்போது சோலார் தகடும் விற்கிறார். வில்கமுவப் பக்கம் கரண்ட் கம்பி போகாத வயல்வீடுகளுக்கு மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கூரையில் பூட்டிவிட்டு வருவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி இருக்கிறது என்று பெயர்தான், ஆள் நுழைகிற அளவுக்கு அதில் ஓட்டை. நோன்புக் கஞ்சி அந்தப் பக்கமிருந்து வரும், டிசம்பரில் நத்தார்க் கேக் இந்தப் பக்கமிருந்து போகும். என் வீட்டில் பியூஸ் போனால் அவர்தான் வந்து போட்டுக் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதரோடு ஒரு மேடையில் ஏறினேன்.

நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். "மழைய நம்பினோம், இருட்டுல உக்காந்திருக்கோம். காத்து அதுக்குத் தோணுனா அடிக்கும். வெயிலு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடும். ராப்பகல் பாக்காம ஒழைக்கிறது அணு மட்டுந்தாங்க" என்றேன். கைதட்டினார்கள். நானா எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கிளாக்கரய்யா சொல்றது சரி. அணு ராப்பகலா வேல செய்யும். அது போடுற குப்பயும் ராப்பகலா கெடக்கும், நம்ம பேரப்புள்ளட பேரப்புள்ள காலம் வரைக்கும். நம்ம தெருமொனக் குப்பயே பெருநாளைக்குப் பெருநாள்தான் போகுது. இந்தக் குப்பய யாரு அள்ளுற? அல்லாட வெயிலு சும்மா கெடக்குது. அதுக்கு பில்லும் இல்ல, குப்பயும் இல்ல" என்றார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அல்லாட வெயிலுக்கு பில்லு வராதுதான், யாகூப் நானாட தகட்டுக்கு வருமே" என்று சொல்லிவிட்டேன். சபை இன்னும் பலமாகச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நடுவர் கடைசியில் இரண்டும் சேர்ந்துதான் வேண்டும், அணு ஒரு பக்கம், வெயிலும் தண்ணீரும் ஒரு பக்கம் என்று தீர்ப்புச் சொன்னார். அதற்காகவா இரண்டு பேரும் தொண்டை கட்டிப்போகக் கத்தினோம்? மறுநாள் பார்த்தால் வேலி ஓட்டையை நானா ஒரு தகரம் வைத்து அடைத்திருந்தார். நானும் என் பங்குக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை வைத்தேன்.

அந்த வீம்பில்தான் உனக்கு எழுதி விவரம் கேட்டேன். நீயும் படம் வரைந்து அனுப்பினாய். பலாபத்வலையில் மாதா கோயில் இளைஞர்கள் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே எதிர்த்துப் பேச ஆளில்லை என்பதால் சந்தோஷமாகப் புறப்பட்டேன். படம் சட்டைப்பையில். வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். இது இங்கே தினப்படி நடப்பதுதான், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறிக்கொள்வோம். கொன்ஸ்தாபிள் என் பையைத் தடவி உன் படத்தை எடுத்தார். நீ எப்படி வரைந்திருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உருண்டைக் கூரை, உயரமாகப் புகைபோக்கி, நாலாபக்கமும் குழாய், சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு 'இங்கேதான் உடைக்கிறார்கள்' என்று வேறு எழுதியிருந்தாய். மூலையில் ஒரு மஞ்சள் கறை. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் உண்மை பேசிப் பழகியவன். "நியூக்ளியர்" என்றேன்.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. கொன்ஸ்தாபிள் மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டுப் படத்தைக் கீழே வைத்து, பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, அதால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எந்த ஸ்டேஷன் என்று எழுதமாட்டேன், எனக்குக் குடும்பம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். படத்தை யார் கொடுத்தது என்று கேட்டார். "என் மச்சான், சேர். இந்தியாவுல அணுமின் நிலையத்துல பெரிய ஆள்" என்றேன். மச்சான், பழக்கதோஷம். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். என்னை அவர் மேசைக்கு முன்னால் ஒரு மர வாங்கில் உட்காரச் சொன்னார்கள். அதில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. இந்தக் காலத்தில் இப்படி உள்ளே போன நம் ஆட்கள் எல்லாரும் அன்றைக்கே வீடு திரும்புவதில்லை. சிலர் எங்கே என்றே தெரியாது. நான் போய்விட்டால் உன் அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆளில்லையே என்று நினைத்தேன், கண் நிறைந்துவிட்டது. இதை அவளிடம் சொல்லாதே.

பஸ் கொண்டக்டர் நல்ல பிள்ளை, திரும்புகிற ட்ரிப்பில் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். உன் அக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. என் பலகையைப் பிடுங்கி எறிந்து, நானாவின் தகரத்தை உதைத்துத் தள்ளி, அந்தப் பக்கம் போய் நின்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் யாகூப் நானா சாரத்தோடும் கடைச் சட்டையோடும் ஸ்டேஷனுக்குள் வந்தார். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்த கோலம். இந்த நாளில் ஒரு தமிழனுக்காக அந்த வாசலை மிதிப்பது சின்னக் காரியம் இல்லை, அவர் பெயரையும் எழுதிக்கொள்வார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிங்களத்தில் அவர் சொன்னதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"மாத்தயா, இந்த மனுசனுக்கு அணுவப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நான் எதிர்க்கட்சி, எனக்குத் தெரியும். மேடையில அர மணித்தியாலம் பேசினாரு, எல்லாம் பிழை. இவருட வீட்டு பியூஸ நான்தான் போட்டுக் குடுக்குற."

என் உயிரைக் காப்பாற்ற வந்தவர் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வாய் கேட்கவில்லை. "எல்லாம் பிழைன்னு சொல்லமுடியாதுங்க. நியூட்ரான் போய் முட்டுறத நான் சரியாத்தான் வெளக்கினேன்" என்றேன். மேசைக்கு அடியில் நானா என் காலை மிதித்தார். இன்ஸ்பெக்டர் மூடிய பேனாவைத் திரும்பவும் திறந்தார். "உமக்குத் தெரியுமா, தெரியாதா? ஒன்றைச் சொல்லும்" என்றார்.

மச்சான், நான் ஆயுசு முழுக்கத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். தெரியாது என்ற வார்த்தையை அங்கே நாங்கள் பாவிப்பதே இல்லை. தெரியாவிட்டால், நாளைக்கு வா என்போம். நானாவைப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவருடைய உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அணுவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. "எனக்கு ஒண்ணுமே தெரியாது சேர்" என்றேன்.

"அப்படியென்றால் இந்தப் பெரிய மச்சான்?" என்றார் இன்ஸ்பெக்டர். "அவரு அங்க கேன்டீன்ல ஈக்காரு மாத்தயா, இட்லி அவிக்கிற வேல. அந்த மஞ்சக் கற சாம்பாரு" என்றார் நானா. இன்ஸ்பெக்டர் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார். கொன்ஸ்தாபிளைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொன்னார். நானா பொறுப்புக் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

நீ கேன்டீனில் இருப்பது நானாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். நீ வேலைக்குச் சேர்ந்த உடனேயே உன் அக்கா அவர் மனைவி ஹவ்வாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் பட்டிமன்ற மேடையில், நான் அவருடைய வியாபாரத்தை இழுத்துச் சபையைச் சிரிக்கவைத்தபோது, அவர் கையில் அது இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதோடு தொலைந்தேன். "ஏன் நானா அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். "அது வீட்டுக் கத கிளாக்கரய்யா. அத மேடைக்கு எடுக்குறதா?" என்றார். இவ்வளவு நல்ல மனிதரை நான் நோகடித்துவிட்டேனே மச்சான்.

ஆகையால் அறிவது என்னவென்றால், அணுவை நான் அடியோடு விட்டுவிட்டேன். இனி நான் வெயில் கட்சி. நீ படம் எதுவும் அனுப்பவேண்டாம், உன் வேலையைப் பற்றி ஒரு வரியும் எழுதவேண்டாம். யாகூப் நானாவோடு கரண்டைப் பற்றி இனிமேல் ஒரு பேச்சும் பேசமாட்டேன், இது வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம். சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். சுகமாக இருக்கிறோம். உன் பிள்ளைகளின் நெற்றியில் எங்களுக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. உன் அக்கா உன்னை நன்றாகச் சாப்பிடச் சொல்கிறாள், கேன்டீன்காரனுக்கு அதைச் சொல்லவேண்டுமா என்று கேட்டேன், முறைக்கிறாள்.

மாறாத அன்புடன்,
அத்தான் சிறில்.

பின்குறிப்பு: எழுதி முடித்து நாளாகியும் இதைத் தபாலில் சேர்க்கவில்லை. இதற்குள் இங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, கரண்ட் வெட்டைக் குறைத்துவிட்டார்கள். கிளாக்கருக்கு ஒன்றும் தெரியாது என்று ஸ்டேஷனில் சொன்னது என் பெயருக்குக் கேடாகிவிட்டதே என்று வருந்தி, யாகூப் நானா பஜாரில் எல்லாரிடமும், "இருட்டுக்கும் மழ மப்புக்கும் அணுவும் கொஞ்சம் வேணும், அவர் சொன்னதில ஞாயம் ஈக்குது" என்று சொல்லித் திரிகிறார். வெயில் கட்சிக்காரனாகிய நான் அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது? நடுத்தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். பழையபடி பேச்சுவார்த்தை இல்லை. தகரம் வேலிக்கு வந்துவிட்டது. எந்த விவரமும் இல்லாமல் பாவம் அந்த மனிதர் அணுவுக்காகப் பேசுகிறார், ஆகையால் நீ இன்னொரு படம் வரைந்து அவர் பெயருக்கே அனுப்பு. இன்று ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துக்கு ஒரே குடையில் போனோம், வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்து, "போதும், இனி நீங்கள் வரவேண்டியதில்லை" என்றார். "பரவாயில்ல மாத்தயா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாறோம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.