தொட்டிக்குள் ஒரு தீர்க்கதரிசி

மெக்சிகோ நகரத்தின் அந்தச் சந்தையில் தக்காளி வாங்க வந்தவர்கள்கூடத் தக்காளியை மறந்துவிட்டார்கள். தோன் (அங்கே 'ஐயா' என்பது போல) இலாரியோனின் பிராணிக் கடையில் ஞானி அவதரித்திருக்கிறார் என்றால் சும்மாவா! ஞானிக்கு நான்கு கால், ஒரு வால், கழுத்தைச் சுற்றிச் சிவந்த செவுள். தண்ணீரிலேயே வாழும் பல்லி மாதிரிப் பிராணி; ஊரில் அஹோலோத்தே என்பார்கள். கால் துண்டானாலும் அதற்கு மறுபடி முளைக்கும். ஆகவே அது நீந்திய தண்ணீரைக் குடித்தால் நமக்கும் எல்லாம் சரியாகிவிடும். தர்க்கம் எப்படி!

பள்ளி ஆசிரியை சித்லாலி வந்தது வேறு காரியத்துக்கு. வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் அஹோலோத்தே வேண்டும். அதைக் குளிர்ந்த, சுத்தமான நீரில் வைத்திருக்கும் கடையைத் தேடிக் காலையிலிருந்து அலைகிறாள். இங்கே தொட்டியெல்லாம் பாசி. திரும்பிப் போகப் பார்த்தவள், வரிசையில் அண்ணன் ஃபெர்மின் நிற்பதைக் கண்டாள். சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண்; நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டியவன்.

"இங்க என்னண்ணே பண்ற?"

"ஞானி சரின்னுட்டா ஆஸ்பத்திரி எதுக்குடி? இந்தத் தண்ணியிலயே ஆறிடும்."

"கால் போயிடும்ண்ணே!"

"போனா முளைக்கும். நீ சும்மா இரு."



இலாரியோன் ஒரு குவளை 'மந்திரித்த நீரை'த் தொட்டியில் ஊற்றிக் கேள்வி கேட்பார். ஞானி எழும்பி வந்து வாயைத் திறப்பார். "ஆமாங்கிறார்!" கூட்டம் சிலுவைக் குறி போடும். உடனே அந்த நீரை வடித்துப் போத்தலில் விற்றுவிட்டு, தொட்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடிப்பார். எல்லோருக்கும் ஆமாம்தான். இல்லை என்றால் போத்தல் போணியாகுமா?

ஃபெர்மின் முறை வந்தது. சித்லாலி பாய்ந்து குவளையைப் பிடுங்கினாள். கை சுட்டது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"ஞானியாரே, இந்த இலாரியோன் ஏமாத்துக்காரனா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினாள்.

ஞானி விறுவிறுவென்று மேலே வந்தார். வாயை ஆவென்று பிளந்தார்.

"ஆமாங்கிறாருப்பா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சந்தையே குலுங்கியது.

"இது சைத்தான் வேலை!" என்று கத்தினார் இலாரியோன்.

"வெந்நீர் வேலை. பாவம், மூச்சு முட்டி காத்துக்கு மேல வருது."

பக்கத்து ஐஸ் வண்டியிலிருந்து ஒரு பை ஐஸ் வாங்கி, பையோடு தொட்டியில் மிதக்கவிட்டாள். நீர் குளிர்ந்தது. ஞானி அடியில் போய்ப் படுத்தார்.

"இப்ப கேளுங்க தோன், எவ்ளோ வேணா கேளுங்க."

இலாரியோன் கேட்டார், கெஞ்சினார், மண்டியே போட்டார். ஞானி அசையவில்லை. போத்தல்கள் இலாரியோனின் தலையை நோக்கிப் பறந்தன.

ஞானியை ஒரு வாளித் தண்ணீரில் விட்டுத் தூக்கிக்கொண்டு சித்லாலி கிளம்பினாள். தடுக்க இலாரியோன் அங்கே இல்லை; எப்போதோ ஓட்டமெடுத்திருந்தார். தெருக்கோடிக் கடையில் தொட்டிக் கண்ணாடி குளிரில் வியர்த்திருந்தது. "ஸ்கூல்ல தண்ணிய எப்படிக் குளிரா வெப்பீங்க? அதச் சொல்லுங்க, அப்புறந்தான் தொட்டி தருவேன்" என்றாள் கடைக்காரி. சித்லாலிக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் ஃபெர்மின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். கால் தப்பியது. கூட்டம் மட்டும் பக்கத்துச் சந்தைக்குப் போய்விட்டது. அங்கே ஓர் ஆமை ஜோசியம் சொல்கிறதாம். ஐயா, அஹோலோத்தேக்குப் போனது முளைக்கும், நமக்குப் போனது போனதுதான். தொப்பி மாட்ட மட்டுமே வைத்திருக்கும் அந்தத் தலையை, இருக்கும்போதே கொஞ்சம் யோசிக்கவும் விடுங்களேன்.