முழங்கால் வரி விலக்கும் ஒரு திருடனும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஓய்வுபெற்ற ஏட்டும் உங்கள் அக்காள் கணவருமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே தங்கச்சியும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வரி ஆலோசகரான உங்களை விட்டால் எனக்கு நாதியில்லை. என்னுடைய ஊன ஓய்வூதியத்துக்கு வரி விலக்கு வேண்டுமானால், காயம் பணியின்போது பட்டதுதான் என்று நிரூபிக்க வேண்டுமாம், தவறினால் ஆறு வருஷ வரியையும் சேர்த்துக் கட்ட வேண்டுமாம். வருமான வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்ததும் ஓடினேன், அதாவது நொண்டினேன். அலுவலகம் மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். மூச்சு வாங்கப் போய் நின்றால் கவுண்டரில் இருந்த அம்மாள், "மூணு மாடி ஏறிட்டீங்களே, அப்புறம் என்ன சார் ஊனம்?" என்கிறார். நான் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்ட ஆரம்பித்தேன். வரிசையே சிரித்தது. "காலெல்லாம் வேணாம் சார், சம்பவ அறிக்கையோட நகலைக் குடுங்க" என்றார்.

மாப்பிள்ளை, வில்லங்கமே அந்த அறிக்கையிலதான் இருக்கு. நீங்க எல்லாரும் நினைக்கிற மாதிரி நான் திருடனைத் துரத்திக்கிட்டு மதில் ஏறிக் குதிக்கலை. ஸ்டேஷன்ல டியூப்லைட் மாத்த ஸ்டூல் மேல ஏறினேன், முதல்ல ஸ்டூல் கால் ஒடிஞ்சுது, அடுத்து என் கால். திருடன் பாட்டுக்கு லாக்கப்புல உட்கார்ந்திருந்தான், "ஐயோ, ஏட்டய்யா விழுந்துட்டாரு!"ன்னு கத்தி ஆளுங்களைக் கூப்பிட்டதே அவன்தான், சாட்சின்னு கையெழுத்தும் அவனோடது! டூட்டியில ஸ்டூல்ல இருந்து விழுந்தாலும் விலக்கு உண்டாம், ஆனா நடந்ததை நடந்தபடி படிவத்துல எழுதி, மனைவியும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணுமாம். உங்க அக்கா அந்தத் திருடன் கதையைச் சொல்லித்தானே பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டினா? உங்க கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்களை வரிசையா நிறுத்தி என் முழங்காலைக் காட்டினாளே! நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் படிவத்தை நீட்டுவேன்? எழுதிக் கையெழுத்துப் போட்டு, அலமாரியில பழைய உடுப்புக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். மானம் போறதுக்கு வரியையே கட்டித் தொலைச்சிடலாமான்னு இருக்கு. அவ கையெழுத்து இல்லாம ஏதாவது வழி உண்டா? அக்காகிட்ட மூச்சு விட்டுடாதீங்க.

தங்கள் கணக்குகள் யாவும் தணிக்கைக்குத் தப்பி, இல்லத்தில் அமைதி நிலவ ஆசீர்வதிக்கும்,
அன்பு அத்தான்.

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தார், ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். ஸ்டூல் விஷயத்தை மயக்க மருந்து தெளியறப்பவே ஆஸ்பத்திரியில அவரே உளறிட்டார், பாவம், "ஸ்டூலு, ஸ்டூலு"ன்னு ஒரே அழுகை. படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு இப்பதான் நானே குடுத்துட்டு வந்தேன். வரி ஒண்ணும் கிடையாதாம். நீ எப்படியோ சமாளிச்சுட்டதா அவருக்கு ஒரு வரி எழுதிப் போடு. திருடனைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே, பேரன் இப்பதான் கதை கேட்க ஆரம்பிச்சிருக்கான்.