செவ்வாய்க்கிழமை பார்த்த அரண்மனை

கொரியாவில் செய்த திருவிளையாடலைக் கொரியாவிலேயே விட்டுவிட்டு வருவது என்று சியோல் விமானநிலையத்தில் உறுதி எடுத்தேன்.

2006 மார்ச். பிரெஞ்சு பேசும் புவாண்ட்-கிளேர் நகரில் நான் வேலை செய்யும் கம்பனி என்னைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஓய்வு. பழைய அரசர்களின் அரண்மனையைப் பார்க்கத்தான் வெளிக்கிட்டேன். வழியில் ஒரு சாப்பாட்டுக்கடை. மேசை நடுவிலேயே நெருப்பு, அதன்மேல் பன்றியிறைச்சி. அரண்மனையை மறந்தேன். முருகனை மறந்தேன். மனைவி தாட்சாயினியை மட்டும் மறக்க முடியவில்லை. பயந்து பயந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

பக்கத்து ஊர் டொலார்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் செவ்வாயில் முட்டைகூட நுழையாது. முருகனுக்கு நேர்த்தி வைத்தவள் அவள். விரதம் இருவருக்கும்.

தடயம் எதையும் விடவில்லை. சட்டையை ஹோட்டலில் தோய்க்கக் கொடுத்தேன். விமானநிலையத்தில் அரண்மனைப் படங்கள் ஒரு கட்டு வாங்கினேன்.

வீட்டு வாசலில் தாட்சாயினி என் குளிர்கோட்டைக் கழற்றி வாங்கினாள். வழக்கத்துக்கு மாறாக அதைக் கராஜில் கொண்டுபோய்க் கொழுவினாள்.

"செவ்வாய்க்கிழமை என்ன செய்தனீங்கள்?"

"முழுநாளும் அரண்மனைதான். சிம்மாசனம், தாமரைக்குளம், ஒண்டும் விடேல்லை."

"சாப்பாடு?"

"ரெண்டு வாழைப்பழம்."

"ஐயோ பாவம்! அவ்வளவுதானோ?"

"விரதம் எல்லோ!"

அவள் கண் கலங்கியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மறுநாள் மூலைக் கடைக்கு என்னையும் படங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரி கிம் அம்மா கொரியாக்காரி. நான் கதவோரமே நின்றுகொண்டேன். தாட்சாயினி பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள். எனக்கோ 'போன்ஷூர்', 'மெர்சி' தாண்டி ஒன்றும் தெரியாது. இருவரும் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார்கள். கிம் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"அரண்மனை நல்ல வடிவாம்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. தாட்சாயினி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள். நான் சந்தோஷத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. பசியோடு மேசையில் உட்கார்ந்தேன். அவள் தட்டில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். என் தட்டில் இரண்டு வாழைப்பழம்.

"என்ன இது?"

"அரண்மனைச் சாப்பாடு. இனிச் செவ்வாய்க்குச் செவ்வாய் இதுதான். செவ்வாய்க்கிழமையிலை அந்த அரண்மனை பூட்டாம். கிம் அம்மா அண்டைக்குச் சொன்னவ."

ஆனால் இறைச்சி விஷயம் அவளுக்குத் தெரியாதே! பாதி உண்மையோடு தப்பலாம்.

"ஓமப்பா, பொய்தான். களைப்பிலை ஹோட்டலிலை நித்திரை கொண்டிட்டன்."

"அவ்வளவுதானோ?"

"முருகன் சத்தியமா!"

அவள் சிரித்தாள். கோபமே இல்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, பருப்புச் சட்டியை என் பக்கம் இழுத்தேன்.

அவள் அதைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நித்திரை கொண்ட மனுசனுக்குச் சோறு போட்டிருப்பன். உங்கட கோட்டுத்தான் இன்னும் கராஜிலை இறைச்சிப்புகை மணத்துக்கொண்டு தொங்குது."