பென்னலூர் போன பையும் காஞ்சிபுரம் போன குடையும்

இந்த உலகத்தில் தொலைந்துபோகவே முடியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது ஒரகடத்தில் என் பக்கத்து அறையில் குடியிருந்த பட்டன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆதார் அட்டையில் அதைப் பார்த்த வீட்டுக்கார அம்மாவே, "இது யாருபா? பட்டனோட கார்டு எங்க?" என்று கேட்டார்.

கயத்தாறு பக்கத்துக்காரர். கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லைனில் வேலை. பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் வட்ட ட்ராக்கர் இருக்கிறதே, அதை அவர் பட்டன் என்பார். வண்டிக்கு ஒன்று, ஹெல்மெட்டுக்கு ஒன்று, தலையணைக்கு ஒன்று. குளியலறை வாளிக்குப் பட்டன் ஒட்டிய ஒரே மனிதர் அவர்தான். வாளியைக் காணோம் என்றால் போனை அழுத்துவார். அது மாடியில் குடியிருந்த சூப்பர்வைசரின் அறையிலிருந்து கீச்சுக்கீச்சென்று கத்தும். சூப்பர்வைசர் உடம்பில் பாதி சோப்போடு வாளியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

இதோடு நின்றால் பரவாயில்லை. ஒரு பட்டன் இருக்குமிடத்தை ஐந்து பேருடன் பகிரலாம் என்றால், ஒரு இடத்தைக்கூட அவர் காலியாக விட்டதில்லை. அம்மா, அக்கா, துபாய் மச்சான், அத்தை, சித்தப்பா என்று குடும்பமே அவருடைய வாளியைக் கண்காணித்தது. ஒரு நாள் காலையில் அம்மாவின் போன் ஸ்பீக்கரில் அலறியது.

"ஏலே, ஹெல்மெட்டு டீக்கடையில கெடக்கு, வண்டி படப்பையில ஓடுது. தலைய எங்கல வச்சிருக்க?"

எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, நல்லாருக்கேன்னு நான் சொன்னா எங்கம்மை நம்பாது. வாளி ரூம்ல இருக்குன்னா நம்பிரும்."

இனி நடந்ததற்குக் காலவரிசை முக்கியம். ஆயுதபூஜைக்குத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பை கொடுத்தார்கள். ஐப்பசியில் பட்டனுக்குப் பெண் பார்த்தார்கள். தையில் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. நடுவில் வந்தது கார்த்திகை.

பெண் கோவில்பட்டி முத்துச்செல்வி. அவளுடைய அப்பா பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே வருகிற யாரையும் டிக்கெட் எடுக்காதவராகவே பார்க்கும் கண் அவருக்கு. "ஒரகடம் போன பயலுவ சேர்க்கை சரியில்லைன்னு கேள்வி" என்று இழுத்தார். பட்டன் அசரவில்லை. சித்தப்பாவை நீக்கிவிட்டு, தன் பையின் இருப்பிடத்தை அந்த வருங்கால மாமாவின் போனுக்குப் பகிர்ந்துவிட்டார். "எம் பைய நான் பிரியிறதே இல்ல மாமா. நீங்களே பாத்துக்கிடுங்க." நியாயம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டுமாம், மாமாவின் குடையிலும் ஒரு பட்டனை ஒட்டினார். பை தினமும் கம்பெனிக்குப் போனது, அறைக்குத் திரும்பியது. மாமா ஊரெல்லாம் சொன்னார்: "மாப்ள பை தங்கமான பை."

கம்பெனி பஸ்ஸில் பைகளை ஓட்டுநருக்குப் பின்னால் குவிப்பது வழக்கம். ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து பட்டன் அந்தக் குவியலிலிருந்து ஒரு நீலப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். ஓ.டி. பார்த்த அலுப்பில் ஞாயிறு முழுக்கத் தூங்கினார். கோவில்பட்டியில் மாமா தூங்கவில்லை. மாப்பிள்ளையின் பை பென்னலூரில், மகளிர் விடுதி என்று வரைபடம் காட்டிய இடத்தில், அசையாமல் உட்கார்ந்திருந்தது. மாலையில் மாமா குடையோடு சென்னை பஸ் ஏறிவிட்டார்.

திங்கள் காலை முத்துச்செல்வியே போன் செய்தாள். "ஒங்க பை லேடீஸ் ஹாஸ்டல்ல என்ன செய்யுது? அப்பா நேர்ல பாக்கக் கெளம்பி வந்துட்டாவ. தப்பா ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சுன்னா, நிச்சயம் கெடையாது. எனக்கும் வேண்டாம்."

பட்டன் பையைத் திறந்தார். உள்ளே ஹேர் கிளிப்பும் ரோஜா நிற டிபன் பாக்ஸும் இருந்தன.

"அண்ணாச்சி, எங் கல்யாணம் போச்சு!"

மாமாவை அழைத்தார். அழைத்த ஒவ்வொரு முறையும் மாமா துண்டித்தார். உடனே போனில் மாமாவின் குடையைத் தேடினார். அது வாலாஜாபாத்தைத் தாண்டி விரைந்துகொண்டிருந்தது. பட்டன் முகம் மலர்ந்தது. "வழி தப்பிப் போறாரு! கோவத்துல போன எடுக்க மாட்டாரு, ஆனா குடைய விட மாட்டாரு. நான் போய் மடக்கிருதேன். நீங்க இந்தப் பையக் குடுத்துட்டு எம் பைய வாங்கிருங்க." வண்டி பறந்தது.

நான் ஷேர் ஆட்டோவில் பென்னலூர் போனேன். விடுதி வாசலில் ஒரே கூட்டம். முதல் நாளே அங்கே ஒரு பெண்ணின் போன், முன்பின் தெரியாத ட்ராக்கர் உன்னோடு வருகிறது என்று எச்சரித்திருக்கிறது. பை மாறியிருப்பதைப் பார்த்த வார்டன் அம்மா, எவனோ வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறான், தேடி வருவான், பிடிப்போம் என்று காத்திருந்திருக்கிறார். வந்தவர் மாமா. வார்டன் அவரை வழிமறித்தார்.

"இன்னா பெருசு, லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல நின்னுகினு போன நோண்டினுகீற?"

"எம் மருமவனத் தேடி வந்தேன் தாயி."

"மருமவன் லேடீஸ் ஹாஸ்டல்ல இன்னாத்துக்குயா இருக்கப்போறான்?"

"அதத்தான் நானும் கேக்க வந்திருக்கேன்!"

நிரூபிக்கிறேன் என்று மாமா போனை அழுத்தினார். வார்டன் மேஜையிலிருந்து பை கீச்சுக்கீச்சென்றது. "இவருதாம்மா அந்த ஆளு!" என்று பெண்கள் கத்தினார்கள். சரியாக அந்த நேரத்தில் இன்னொரு நீலப் பையோடு நான் நுழைந்தேன்.

"தோ, கூட்டாளியும் வந்துட்டான்!"

இரண்டு பையையும் மேஜைமேல் வைத்து விளக்கி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பைக்காரப் பெண்தான் முதலில் சிரித்தாள். "எல்லாப் பையும் ஒண்ணா இருந்தா இன்னாண்ணா பண்றது? அவரு டிபன் பாக்ஸக் கழுவி வெச்சிகீறேன், குடுத்துருங்க."

மாமா சிரிக்கவில்லை. "பை மாறுனது சரி. ஆளு எங்க?"

"உங்களைத் தேடித்தான் போயிருக்கார். காஞ்சிபுரத்துக்கு."

"நான் ஏன்வே காஞ்சிவரம் போறேன்?" என்றவர், தோளைத் தடவினார். குடை இல்லை. ஒரகடத்தில் இறங்கும்போது, வழியில் மாறி ஏறிய காஞ்சிபுரம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். அத்தனை வருடம் பஸ்ஸில் அடுத்தவரைச் சோதித்த மனிதர், வார்டன் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியபின் பட்டன் வந்தார். சட்டை முழுக்க வியர்வை, கையில் குடை.

"காஞ்சிவரம் ஸ்டாண்டுல எல்லா பஸ்லயும் ஏறி எறங்குனேன் மாமா. ஒண்ணுல குடை மட்டும் கம்பியில தொங்குது, ஒங்களக் காணோம். மயக்கம் கியக்கம் வந்துருச்சோன்னு பெரியாஸ்பத்திரி வார்டு வார்டாப் பாத்துட்டு வாரேன். ஏதாச்சும் சாப்ட்டீயளா?"

மாமா குடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"செல்வி, பையனப் பாத்துட்டேன். தையிலேயே வச்சிக்கிடுவோம்."

"சரிப்பா. அப்படின்னா அந்தப் பைய ஒங்க போன்லேருந்து எடுத்துருங்க. அந்த எடம் எனக்கு."

கல்யாணமாகித் தண்டலத்துக்குக் குடிபோகிற அன்று, என்னைக் கேட்காமலே என் அறைச் சாவியில் ஒரு பட்டனை மாட்டி, அதையும் தன் குடும்பத்துக்கே பகிர்ந்துவிட்டுப் போனார் அந்த மகானுபாவர். கழற்றி எறிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு மணிமங்கலம் கோயிலில் கல்வெட்டு பார்த்துக்கொண்டு நேரம் போனது தெரியாமல் நின்றபோது, கயத்தாறிலிருந்து அவருடைய அம்மா அழைத்தார். அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராதவர்.

"ஐயா, சாவி ரொம்ப நேரமா அங்கனயே நிக்கி. மத்தியானம் சாப்ட்டியளா?"

போன வாரம் அதில் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிது வாங்க, கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன்.