வேதநாயகியின் வெள்ளி முட்டி

தர்மபுரி மச்சான் பழனிச்சாமி அவர்களுக்கு, தொம்மலூர் அய்யாவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் சுகரும் உங்கள் வீட்டுக்கார அம்மா, என் தங்கச்சியின் பிரஷரும் அடங்கியிருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் பேசினால் உங்கள் தங்கை வேதநாயகி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மாடியில் அம்ருதா என்று ஓர் ஓவியப் பெண் வாடகைக்கு வந்திருக்கிறாள். நல்ல பெண்தான், ஆனால் பகலெல்லாம் டக்டக்கென்று தகடு அடிக்கிற சத்தம். கேட்டுவிடலாம் என்று போனால் சுவர் நிறையக் காது, ஈரல், முதுகெலும்பு, எல்லாம் செம்பிலும் வெள்ளியிலும். கண்காட்சிக்காம். நமக்கு அதெல்லாம் என்ன தெரியும், உண்டியலில் போடுகிற வேண்டுதல் உருவம் செய்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்து, தடி ஊன்றி நடக்கிற வேதாவின் வலது முட்டிக்கு ஒன்று செய்து கொடும்மா என்றேன். அவள் எதுவும் கேட்காமல் ஆணியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். வெள்ளி முட்டி. சின்ன வயதில் நீங்கள் சைக்கிளிலிருந்து தள்ளிவிட்டதில் வேதாவுக்கு ஆன தழும்பு அப்படியே அதில் இருந்தது. வேதா ஒரு நாளும் மாடி ஏறியதில்லை, மச்சான், அந்தப் பெண் அதை எங்கே பார்த்தாள்? ஆனாலும் சும்மா கிடைத்ததை விடுவானேன் என்று அன்றைக்கே மாரியம்மன் கோயில் உண்டியலில் போட்டேன். மறுநாள் காலையில் உங்கள் தங்கை கைத்தடி இல்லாமல் நடக்கிறாள்.

நன்றி சொல்ல லட்டோடு மாடிக்குப் போனேன். முட்டி தொங்கிய ஆணிக்குப் பின்னால் ஒரு படம் இருந்தது. உடம்பைத் தகட்டில் அடிப்பாளாம், அதற்குள் ஓடும் நினைப்பைப் பின்னால் வரைவாளாம். படத்தில் தர்மபுரி பஸ், ஜன்னலோரம் வேதா, முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. பக்கத்து சீட்டில் ஒரு பை. நான் எங்கேம்மா என்றேன்.

“பக்கத்துல உங்களுக்கு ஜாகா விட்டுத்தான் பாத்தேன் அங்கிள். அவங்க மனசுல அங்க பைதான் இருந்துச்சு.”

அண்ணன் வீட்டுக்குப் போகணும் என்று அவள் கேட்கும்போதெல்லாம், இந்த முட்டியை வைத்துக்கொண்டு பஸ் படி ஏறுவியா என்று நான்தான் நிறுத்துவேன். அக்கறையில் சொன்னதுதான். அந்த முட்டிதான் அவளை வீட்டில் வைத்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. கோயிலுக்கு ஓடி, உண்டியலைத் திறந்து முட்டியைத் திருப்பித் தரச் சொன்னேன். பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உள்ள விழுந்தா அம்மனுது சார். முட்டி வலியத் திருப்பிக் கேக்குற ஆள இப்பதான் பாக்குறேன்” என்றார்.

முன்பெல்லாம் தடிச் சத்தத்தை வைத்து அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரியும். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. திரும்பினால் பின்னால் நிற்கிறாள், என்னைத் தாண்டி வாசலைப் பார்க்கிறாள். அதனால் நீங்கள் பெரிய மனது பண்ணி, வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது, இப்போது வராதே என்று அவளுக்கு ஒரு போன் போட வேண்டும். மற்றபடி எனக்கு ஒரு பயமும் இல்லை. அவளாவது என்னை விட்டுப் போவதாவது. மாடிப் பெண்ணை அடுத்த மாதமே காலி பண்ணச் சொல்லிவிடுவேன்.

தங்கச்சிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு ஆசியும் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன் அய்யாவு

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி கேட்டேன். பதில் இல்லை. வேதா இல்லை, பையும் இல்லை, போனை எடுக்கவில்லை. மாடிக்கு ஓடினேன். படத்தில் இப்போது பஸ் இல்லை, வெறும் ரோடு. அம்ருதா பிரஷ்ஷையே தொடவில்லை என்கிறாள். அவளைக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன், வேதாவைப் பற்றி இனி அந்தச் சுவரில்தான் எனக்குத் தெரியவரும். உங்களிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இதையே போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். பெயின்ட் கதை வேண்டாம் மச்சான், கதவைத் திறந்து வையுங்கள். வந்ததும் முட்டி வலிக்கிறதா என்று கேளுங்கள். வலித்தால் உடனே எனக்குப் போன் பண்ணுங்கள், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். வலிக்காவிட்டாலும் பண்ணுங்கள்.