புகையொழிப்புச் செம்மல் புறப்பட்டார்

"கோட்டைக் கழட்டித் தட்டிலை போடவேணுமாம். பொக்கற்றுக்குள்ளை இருக்கிற சாமானெல்லாம் வெளியிலை எடுக்கவேணுமாம்" என்று குமுதினி சொன்னபோதுதான் இராசலிங்கத்தாருக்கு வியர்க்கத் தொடங்கியது.

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தின் சோதனை வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் நின்றது. பின்னால் மனைவி குமுதினி. கோட்டின் உட்பையில், சிகரெட்டுக்குப் பதிலாக ஊதுகிற வெள்ளி நிற வேப் ஒன்று.

மற்றவர்களுக்கு இது ஒரு விசயமே அல்ல. வேப்பைக் கையோடு கொண்டுபோகலாம் என்று சுவரில் படம் போட்டே ஒட்டியிருந்தார்கள். ஆனால் அந்த மற்றவர்கள் ஒருவரும் லண்டனுக்குப் போய் 'புகையொழிப்புச் செம்மல்' பட்டம் வாங்கப்போவதில்லை. தமிழ் ஒன்றியத் தலைவர் இராசலிங்கத்தார் வாங்கப்போகிறார். மண்டபத்துக்குப் பின்னால் சிகரெட்டோடு பிடிபட்ட இளைஞர்களின் பெயர்களை ஆண்டு விழாவில் ஒலிபெருக்கியில் வாசித்தவர் அவர். அவர் சிகரெட்டை நிறுத்திப் பல வருசம் என்று குமுதினி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். அது பொய்யுமல்ல. சிகரெட்டைத்தான் அவர் நிறுத்தியிருந்தார்.

"தலைவர், கொஞ்சம் இஞ்சாலை பாருங்கோ." ஒன்றியச் செயலாளர் யாகோப்பு கைபேசியைப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்தார். "பட்டம் பெறப் புறப்படும் தலைவர் எண்டு குழுவிலை போடப்போறன்."

"இதெல்லாம் எதுக்குத் தம்பி" என்று சொல்லிக்கொண்டே இராசலிங்கத்தார் நாடியைச் சற்று உயர்த்தினார். பிறகுதான் வேப் நினைவுக்கு வந்தது.

"அந்தக் கடைசி வரிசை கெதியாய்ப் போகுது. நான் அதிலை போறன்" என்றார் மனைவியிடம்.

"அப்ப எல்லாரும் அதிலை போவம்" என்றாள் குமுதினி.

எல்லோரும் போனார்கள். வரிசை மாறியதில் ஒரே பலன், தட்டுக்கள் இன்னும் கிட்ட வந்ததுதான்.

"தண்ணிப் போத்தலை எறிஞ்சிட்டு வாறன்" என்று இராசலிங்கத்தார் குப்பைத்தொட்டிப் பக்கம் நழுவினார். போத்தலோடு சேர்த்து வேப்பையும் உள்ளே போட்டார். போன கிழமைதான் வாங்கியது. மனம் கனத்தது. ஆனாலும் பட்டம் பெரிது.

"ஐயா" என்று ஜேர்மன் மொழியில் ஒரு குரல். சீருடை போட்ட ஊழியர் ஒருவர் தொட்டிக்குள் கையை விட்டு வேப்பை எடுத்து, கடதாசியால் துடைத்து, அவர் கையில் வைத்தார். "இதில் பற்றறி இருக்கிறது. பற்றறியை இந்தக் குப்பையில் போடக் கூடாது."

இந்த நாட்டில் ஒரு மனிதன் தன் பாவத்தைக்கூடத் தரம் பிரித்துத்தான் எறிய வேண்டும். இராசலிங்கத்தார் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இஞ்சாருங்கோ, இந்தப் பையைப் பிடியுங்கோ. நான் சப்பாத்தைக் கழட்டுறன்." குமுதினி குனிந்தாள்.

பைக்குள் மேலாக ஒரு பார்சல் இருந்தது. லண்டனுக்குப் போகிறோம் என்று வாய் தவறி ஒரு ஆளிடம் சொன்னால் போதும், ஒரு பார்சல் வீட்டுக்கு வந்து சேரும். இது ஒன்றியத்தின் மகளிர் அணித் தலைவி புஸ்பவதி, லண்டனில் இருக்கும் தங்கை சாந்தாவுக்கு வறுத்து இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள். இராசலிங்கத்தார் ரப்பர் வளையத்தைக் கழற்றினார், வேப்பைத் தூளுக்குள் ஆழப் புதைத்தார், வளையத்தைத் திரும்பப் போட்டார். சாந்தாவிடம் கொடுப்பதற்கு முன் எடுத்துவிடலாம்.

கோட்டைக் கழற்றித் தட்டில் போட்டபோது அவர் முகத்தில் பட்டம் வாங்குபவருக்குரிய களை வந்திருந்தது.

பை இயந்திரத்துக்குள் போனது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி உள்ளே போய் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டார்.

"இது யாருடைய பை?" ஒரு பெண் அதிகாரி கேட்டாள்.

"என்னுடையது" என்றாள் குமுதினி.

"நீங்களே கட்டினீர்களா?"

"பையை நான் கட்டினேன். பார்சலை வேறொருவர் தந்தார்."

நிலைமை கைமீறுவதைக் கண்ட இராசலிங்கத்தார் தலைவர் என்ற முறையில் இடையில் புகுந்தார். "மேடம், உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு ஒன்றுமே தெரியாது."

அதிகாரி இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டாள்.

பார்சல் திறபட்டது. கையுறை போட்ட கை தூளைக் கிளறியதும் முதலில் தும்மியது அதிகாரி. பிறகு யாகோப்பு. பிறகு பள்ளிக்கூடக் கூட்டம் முழுவதும். தும்மலுக்கு நடுவே வேப் வெளியே வந்தது.

"வேப்தானே" என்றாள் அதிகாரி கண்ணைத் துடைத்தபடி. "இதற்கு அனுமதி உண்டே. ஏன் இதற்குள் ஒளித்தீர்கள்?"

குமுதினி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கிறீர்? பார்சல் புஸ்பவதி அக்கா தந்ததெல்லோ" என்றார் இராசலிங்கத்தார்.

"அந்த மனுசியோ? தேவாரம் பாடுற மனுசி அண்ணை" என்றார் யாகோப்பு.

"ஆரையும் முகத்தை வைச்சு நம்பேலாது தம்பி."

"ஏன் வீண் கதை. அவவையே கேப்பம்." குமுதினி தட்டிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

"வேண்டாம், விடும். வயது போன மனுசி. ஆறுதலாய்க் கேக்கலாம்."

அதற்குள் ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஏர்போட்டிலை நிக்கிறம். உங்கட பார்சலுக்குள்ளை வேப் கிடக்குது."

இராசலிங்கத்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிள்ளை, தலைவர் பக்கத்திலை நிக்கிறாரோ?"

"இல்லை அக்கா. அவர் அங்காலை நிக்கிறார்."

"அது என்ரைதான், பிள்ளை. ஊதிப்போட்டு எறியிற சாதி வேப்பை இப்ப லண்டன் கடையளிலை விக்கேலாதாம். சாந்தா பாவம், கேட்டவள். தலைவருக்கு மட்டும் சொல்லிப்போடாதை. மேடையிலை பேரை வாசிச்சுப்போடுவார்."

இராசலிங்கத்தார் கண்ணைத் திறந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரயில் நிலையத்துக்கு முன்னாலுள்ள கடையில் தன் கையால் வாங்கிய வேப் எப்படிப் புஸ்பவதி அக்காவுடையது ஆனது? ஆனால் தேடி வந்த அதிர்ஷ்டத்திடம் விசாரணை நடத்துகிற ஆள் அவர் அல்ல. நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீரோ யாகோப்பு, சமூகம் எங்கை போகுதெண்டு. லண்டன் பேச்சிலை இதையும் சேர்க்கவேணும். பேர் சொல்லாமல்."

குமுதினியின் முகம் சுருங்கிப்போனது. "நான் உங்களையெல்லோ நினைச்சன். மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

"பரவாயில்லை" என்றார் அவர் பெருந்தன்மையோடு.

அதிகாரியின் கை இன்னும் தூளுக்குள் இருந்தது. அது வெளியே வந்தபோது விரல்களுக்கிடையில் மஞ்சள் நிறத்தில் ஒன்று இருந்தது. "இதோ, இன்னொன்று" என்று வெள்ளி நிற வேப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

குமுதினி இரண்டையும் பார்த்தாள். கைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அக்கா, இதிலை ரெண்டெல்லோ கிடக்குது. ரெண்டும் உங்கடையோ?"

"ரெண்டோ? நான் ஒண்டுதானே பிள்ளை வைச்சனான்."