அப்பாவுக்கு வேலை கிடைத்த விவரம்

அன்பு மகள் அனிட்டாவுக்கு,

திருத்துறைப்பூண்டியிலிருந்து அப்பா இருதயசாமி எழுதுவது. அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே யாவும் நலம். குஜராத்தில் நீயும், நீ ஏறிப் பழுது பார்க்கும் காற்றாலைகளும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறோம். போன் செய்தால், "மேல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் எப்போதாவதுதான் வருகிறது, அதனால் கடிதம். காற்று பலமாக அடித்தால் உங்களை மேலே ஏற்ற மாட்டார்களாமே? அம்மா தினமும் செல்போனில் உங்கள் ஊர் வானிலையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காத்து அதிகம், புள்ள கூப்பிடும்" என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், நம் பக்கத்திலேயே சோலார் கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன என்று கேள்விப்பட்டு, உன்னிடம்கூடச் சொல்லாமல் உன் சான்றிதழ் நகல்களோடு திருவாரூர் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனேன். மேசையில் வானதி என்றொரு அதிகாரி. "வேலை கேக்குறவங்க எங்க சார்?" "குஜராத்துல, காத்தாடி மேலம்மா." தாள்களைப் புரட்டினார். "இவங்கள மாதிரி ஆளுக்கு எப்பவும் வேலை இருக்கு சார். ஆனா காத்து அடிக்கிற ஊர்லதான் இருக்கும்." "எங்க ஊர்லயும் அடிக்குதும்மா, கஜா புயல்ல வீட்டு ஓடு மொத்தமும் போச்சு" என்றேன். சிரித்துவிட்டு, "நீங்க என்ன தொழில்?" என்று கேட்டார். முப்பது வருஷமாக எரிந்துபோன வயல் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன் என்றேன். அவ்வளவுதான், எழுந்து நாற்காலி போட்டார். "சோலார் பம்பு கேட்டு ஊர் ஊரா மனு வருது சார். பலகை மாட்டப் பசங்க இருக்காங்க, பம்பு தெரிஞ்ச ஆளுதான் கிடைக்கல. நீங்களே வந்துடுங்களேன்!" உனக்கு வேலை கேட்கப் போன இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள், அறுபத்தொரு வயது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே, "புள்ளைக்குக் கிடைச்சுதா?" என்றாள். "எனக்குக் கிடைச்சுது" என்றேன். உள்ளே போய்விட்டாள். சோறு போடும்போதுதான், "அப்ப அவ எப்பதாங்க வருவா?" என்று கேட்டாள். எட்டு மாதமாகிறது அனிட்டா, உன் முகம் பார்த்து. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும்தான். கிறிஸ்மஸுக்கு நான்கு நாளாவது கீழே இறங்கி வா.

ஏறும்போதும் இறங்கும்போதும் மாதா உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

அன்புள்ள அப்பா,
இருதயசாமி

பி.கு.: சற்றுமுன் வேலை உத்தரவு வந்தது. எனக்கு ஒரு மாதப் பயிற்சியாம், டிசம்பரில், குஜராத்தில். ஆகவே நீ புறப்பட்டு வர வேண்டாம். அம்மா பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு, உன் அறையில் இன்னும் இரண்டு பாய் விரிக்க இடமிருக்குமா என்று கேட்கிறாள்.